அட்ரியான் முட்டுவை ஒரே வரியில் முடிப்பவர்களுக்கு

விளையாட்டுப் பக்கங்களில் எழுதும் நண்பர்களுக்கும், யூடியூபில் ஐரோப்பியக் கால்பந்து பேசும் தம்பி தங்கைகளுக்கும்,



உலகத்தில் எந்த ஆட்டக்காரர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினாலும், உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் பழைய குற்றவாளிகளின் பட்டியல் ஒன்று வந்துவிடுகிறது. அதில் ருமேனியாவின் அட்ரியான் முட்டு தவறாமல் இருக்கிறார். கொக்கைனால் வாழ்க்கையைத் தொலைத்தவர், திறமையை வீணடித்தவர், செல்சி கிளப்புக்கு 1.7 கோடி யூரோ கடன்பட்டவர் என்று மூன்று அடைமொழிகள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது சுத்தப் பொய். மூன்றாவது உண்மைதான், ஆனால் அந்தக் கடன் அவர் தலையில் எப்படி ஏறியது என்பதை நீங்கள் யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் முட்டுவின் வக்கீல் இல்லை. அவர் செய்த கிறுக்குத்தனங்களுக்கும் கீழே இடம் உண்டு.

1979 ஜனவரி 8ஆம் தேதி, ருமேனியாவின் ஆர்ஜெஷ் மாவட்டத்தில் கலினெஷ்டி என்ற ஊரில் பிறந்தவர். முதலில் ஆடியது பிட்டெஷ்டி நகரின் ஆர்ஜெஷ் கிளப்பில். அந்த கிளப்பின் குலதெய்வம் நிக்கோலாய் டோப்ரின். எழுபதுகளில் டோப்ரினை ரியல் மாட்ரிட் கேட்டது. அன்றைய கம்யூனிஸ்ட் அரசு அனுப்ப மறுத்துவிட்டது. அந்த அரசு கவிழ்ந்த 1989 டிசம்பரில் முட்டுவுக்குப் பதினோரு வயதுகூட நிறையவில்லை. ஆகவே டோப்ரினுக்குச் சாத்திய கதவு இவருக்குத் திறந்திருந்தது. புகாரெஸ்டின் டினாமோவுக்காக 33 லீக் ஆட்டங்களில் 22 கோல் அடித்தார். 2000 ஜனவரியில், இருபத்தொரு வயது நிறைந்த கையோடு, இன்டர் மிலான் அவரை வாங்கிக்கொண்டது.

இன்டரில் அப்போது முன்வரிசைக்கு நின்ற கூட்டத்தைப் பாருங்கள்: ரொனால்டோ, வியேரி, பாஜியோ, ஸமோரானோ, ரெகோபா. பிட்டெஷ்டிப் பையனுக்கு அங்கே என்ன கிடைக்கும்? வெரோனாவுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது பருவத்தில் அங்கே 12 லீக் கோல். ஆனாலும் வெரோனா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. (அந்த அணியில் ஜிலார்டினோ, கமரோனேசி, ஒட்டோ மூவரும் இருந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது மூவரும் அந்த அணியில். இப்படியும் ஒரு அணி கீழே இறங்க முடியும் என்பது கால்பந்தின் வேடிக்கை.)

2002இல் பார்மா. அங்கேதான் சேசரே பிரான்டெல்லி என்ற பயிற்சியாளர் கிடைத்தார். இடப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து வலக்காலால் அடிக்கும் சுதந்திரத்தை முட்டுவுக்குக் கொடுத்தவர் அவர். பக்கத்தில் பிரேசிலின் அட்ரியானோ. அந்தப் பருவத்தில் முட்டு 31 ஆட்டங்களில் 18 கோல். இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக, பார்மா மாதிரி ஒரு நடுத்தர அணிக்காக, மைய முன்வீரராக நிற்காமல் அடித்த 18 கோல் அது. ருமேனியாவில் அவரை 'பிரிலியாந்துல்', அதாவது வைரம், என்று கூப்பிட்டதில் மிகை இல்லை.

2003 கோடையில் ரோமான் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். கையில் ரூபிள், கண்ணில் பசி. பார்மாவுக்கு 2.25 கோடி யூரோ கொடுத்து, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் முட்டுவை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பார்மாவின் உரிமையாளரான பர்மலாட் பால் நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் திவாலானது தனிக்கதை. லண்டனில் தொடக்கம் அமர்க்களம்: லெஸ்டருக்கு எதிராக வெற்றி கோல், பிளாக்பர்னுக்கு எதிராக ஒன்று, டாட்டன்ஹாமுக்கு எதிராக இரண்டு. முதல் மூன்று லீக் ஆட்டங்களில் நான்கு கோல். அதற்குப் பிறகு அந்த லீக் பருவம் முழுக்க இன்னும் இரண்டு மட்டும்.

அந்த இறக்கத்தின் உள்ளே குடும்ப முறிவு, இரவு வாழ்க்கை எல்லாம் உண்டு. அதை லண்டன் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் மென்றுவிட்டன, நாம் மறுபடி மெல்ல வேண்டியதில்லை. 2004இல் பயிற்சியாளர் ரனியேரி போய் மொரின்யோ வந்தார். அக்டோபரில் ருமேனியாவுக்காக ஆட முட்டு தகுதியாக இருக்கிறாரா, காயமா என்று மொரின்யோவுக்கும் அவருக்கும் வெளிப்படையாகச் சண்டை. அதே மாதம் சோதனையில் கொக்கைன். அக்டோபர் 28ஆம் தேதி செல்சி அவரை வேலையிலிருந்து நீக்கியது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஏழு மாதத் தடையும் 20,000 பவுண்டு அபராதமும் விதித்தது.

இதுவரை எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தடை நியாயம். நீக்கியது கிளப்பின் உரிமை. தகராறு இதற்குப் பிறகுதான், தயவுசெய்து இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

செல்சி அத்தோடு நிற்கவில்லை. 'நியாயமான காரணமின்றி ஒப்பந்தத்தை மீறியவர் முட்டு, ஆகவே எங்களுக்கு நஷ்டஈடு வேண்டும்' என்று ஃபிஃபாவிடம் போனது. 2008 மே 7ஆம் தேதி ஃபிஃபாவின் தகராறு தீர்க்கும் மன்றம் தொகையைச் சொன்னது: 1,71,73,990 யூரோ. கடைசி இலக்கம் வரை துல்லியமாக இருக்கிற இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. மூன்று சீட்டுகளின் கூட்டுத்தொகை அது.

ஒரு கிளப் ஓர் ஆட்டக்காரரை ஐந்து ஆண்டுக்கு வாங்கினால், கொடுத்த விலையை ஐந்தாண்டுக்கும் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்காகக் கணக்கில் கழித்துக்கொண்டே வரும். நடுவில் அவர் போய்விட்டால் கழியாத மிச்சம் புத்தகத்தில் நிற்கும். பார்மாவுக்குக் கொடுத்த விலையில் அப்படிக் கழியாமல் நின்றது 1,65,00,000 யூரோ. அது முதல் சீட்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது முட்டுவுக்குக் கொடுத்த தொகையில் கழியாத மிச்சம் 3,07,340 யூரோ. இது இரண்டாவது. மூன்றாவது சீட்டுதான் என்னை உறுத்துவது: அந்தப் பேரத்தை முடித்துக் கொடுத்த முகவருக்குச் செல்சி கொடுத்த கட்டணத்தில் கழியாத பங்கு, 3,66,650 யூரோ. வேலையாளை வெளியே அனுப்பிய முதலாளி, அவனைக் கூட்டி வந்த தரகனுக்குக் கொடுத்த கமிஷனையும் அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது போன்ற கணக்கு.

2009 ஜூலையில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் இதை உறுதி செய்தது. சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றமும் 2010இல் தலையிட மறுத்தது. முட்டு ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். ஜெர்மானியப் பனித்தள வேகச் சறுக்கு வீராங்கனை கிளவுடியா பெக்ஸ்டைனின் வழக்கோடு சேர்த்து 2018 அக்டோபர் 2ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தீர்ப்பாயம் பாரபட்சமானது என்ற முட்டுவின் வாதம் எடுபடவில்லை. வெளிப்படையான விசாரணை மறுக்கப்பட்டது என்ற ஒரு புள்ளியில் பெக்ஸ்டைன் மட்டும் வென்றார். விளையாட்டுச் சட்டம் படிக்கிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் பாடம். கோல் அடிக்கப் பிறந்தவர் ஒருவரின் பெயர் சட்டப் புத்தகத்தில் நிலைத்துவிட்டது.

செல்சியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரும்பணம் போட்டு வாங்கிய ஆட்டக்காரர் பதினான்கு மாதத்தில் தன் தவறால் ஆடமுடியாமல் போனார். அந்தப் பணம் போனது போனதுதானே? ஆம். ஆனால் தடை ஏழு மாதம். ஏழு மாதம் அவரை வைத்திருந்து, பிறகு விற்றிருக்கலாம். மான்செஸ்டர் யுனைடெட் அதைத்தான் செய்தது. 2003இல் ரியோ ஃபெர்டினாண்ட் சோதனைக்கே போகாமல் இருந்து எட்டு மாதத் தடை வாங்கினார். கிளப் அவரைக் கைவிடவில்லை. அவர் திரும்பி வந்து மேலும் பல ஆண்டு யுனைடெடின் தடுப்பரணாக நின்றார். இரண்டும் ஒரே குற்றமல்ல என்று நீங்கள் சொல்வீர்கள், சரி. செல்சியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறதே. கோல்கீப்பர் மார்க் பாஸ்னிச். அதே கொக்கைன், அதே கிளப், அதே வேலை நீக்கம். தடை ஒன்பது மாதம், முட்டுவுக்கு விதித்ததைவிட இரண்டு மாதம் அதிகம். பாஸ்னிச் தலையில் கோடிக் கணக்கில் கடன் ஏறவில்லை. ஏன்? அவர் 2001இல் செல்சிக்கு விலையில்லாமல் வந்தவர். கழிக்க மிச்சம் எதுவும் புத்தகத்தில் இல்லை.

ஆக, முட்டுவைச் செலுத்தச் சொன்ன தொகை அவருடைய குற்றத்தின் அளவு அல்ல. அவரை அப்ரமோவிச் என்ன விலைக்கு வாங்கினார் என்பதன் அளவு. அந்த விலையைப் பேசியவர்கள் இரண்டு கிளப்காரர்கள். பணம் போய்ச் சேர்ந்தது பார்மாவுக்கு. திருப்பிக் கொடுக்கச் சொன்னது ஆடியவரிடம். இதைச் சட்டம் என்று ஏற்றுக்கொள்ளலாம், நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. 2005 ஜனவரியில், தடை ஓடிக்கொண்டிருந்தபோதே, யுவென்டஸ் முட்டுவைச் சேர்த்துக்கொண்டது. ருமேனியா அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. யுவென்டஸுக்கு வெளிநாட்டு இடம் நிரம்பிவிட்டது. ஆகவே லிவோர்னோ கிளப் காகிதத்தில் அவரைப் பதிவு செய்து, பிறகு யுவென்டஸுக்குத் தள்ளிவிட்டது. யாருக்கும் ஒரு காசு மாற்றுத்தொகை இல்லை. இந்த இலவச லாபத்தைக் காட்டி, யுவென்டஸும் லிவோர்னோவும் சேர்ந்து கடனை அடைக்க வேண்டும் என்று ஃபிஃபா மன்றம் 2013இல் சொன்னது. 2015 ஜனவரியில் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டது: ஆட்டக்காரர் தானாக ஓடி வரவில்லை, அவரை வெளியேற்றியது செல்சிதான், புதிய கிளப்புகள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். தர்க்கம் சரிதான். ஆனால் அதே தர்க்கம் ஆட்டக்காரரை மட்டும் காப்பாற்றவில்லை. விற்ற கிளப், வாங்கிய கிளப், இலவசமாகப் பெற்ற கிளப்புகள், தரகர் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். தண்ணீரில் நின்றது ஒருவர்.

சரி, 'வாழ்க்கையைத் தொலைத்தவர்' என்ற வசனத்துக்கு வருவோம். அவருடைய சிறந்த ஆண்டுகளில் பல அந்தத் தடைக்குப் பிறகு வந்தவை. யுவென்டஸில் அவர் இருந்த இரண்டு பருவங்களின் பட்டங்களும் கால்சியோபோலி என்ற இத்தாலியக் கால்பந்து ஊழலில் பறிபோயின, அதில் அவர் பங்கு ஒன்றுமில்லை. 2006இல் யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது, ஃப்ளோரன்ஸ் நகரத்து ஃபியோரென்டினாவுக்குப் போனார். அங்கே காத்திருந்தவர் அதே பிரான்டெல்லி.

ஃபியோரென்டினாவும் அந்த ஊழலில் தண்டனை பெற்ற அணிதான். 2006-07 பருவத்தை 15 புள்ளி கழிவோடு தொடங்கியது. முடித்தது ஆறாவது இடத்தில். லூகா டோனி 16 கோல், முட்டு 16 கோல். அடுத்த ஆண்டு டோனி பயர்னுக்குப் போய்விட, பாரம் முழுக்க முட்டுவின் தோளில். 17 லீக் கோல், நான்காவது இடம், சாம்பியன்ஸ் லீக் தகுதி. ஐரோப்பாவில் யுஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதி வரை. 2003, 2005, 2007, 2008 என நான்கு முறை ருமேனியாவின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர். கடைசி இரண்டும் ஃப்ளோரன்ஸ் காலத்தவை.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரமிருந்தால் 2009 பிப்ரவரியின் ஜெனோவா ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். வெளியூர் மைதானம், ஃபியோரென்டினா 0-3 பின்னால். முட்டு ஒன்று, முட்டு இரண்டு, கூடுதல் நேரத்தில் முட்டு மூன்று. ஆட்டம் 3-3. கோடிக் கடனுக்கான உத்தரவு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்த ஒருவர் ஆடிய ஆட்டம் இது. தொலைந்துபோனவர் இப்படி ஆடுவதில்லை.

நாட்டுக்காக ஆடியதில்தான் அவருக்கு மனக்குறை நிறைய. ருமேனியா 1998க்குப் பிறகு உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவே இல்லை என்பதால் முட்டு ஒரு உலகக் கோப்பை ஆட்டமும் ஆடவில்லை. கிடைத்த பெரிய மேடை யூரோ 2008. தகுதிச்சுற்றில் நெதர்லாந்தைப் பின்னுக்குத் தள்ளி ருமேனியா முதலிடம் பிடித்தது. பரிசாகக் கிடைத்த பிரிவில் இத்தாலி, பிரான்ஸ், மறுபடியும் நெதர்லாந்து. ஜூன் 13, ஜூரிக். 55ஆம் நிமிடம் இத்தாலிக்கு எதிராக முட்டு கோல் அடித்தார். அடுத்த நிமிடமே பனுச்சி சமன் செய்தார். 81ஆம் நிமிடம் ருமேனியாவுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் முட்டு, எதிரே யுவென்டஸ் காலத்துத் தோழர் புஃபோன். கையிலும் காலிலும் பட்டு பந்து வெளியே போனது. மற்ற முடிவுகள் அப்படியே இருந்திருந்தால், அந்த ஒரு பந்து வலைக்குள் போயிருந்தாலே ருமேனியா காலிறுதி, உலகச் சாம்பியன் இத்தாலி மூட்டை முடிச்சோடு வீடு. 'முட்டுவின் தோல்வி' என்று ஒன்றை எழுதியே தீருவேன் என்றால் இதை எழுதுங்கள். இது ஆட்டத்தோடு சம்பந்தப்பட்ட தோல்வி.

வாக்குக் கொடுத்தபடி கிறுக்குத்தனங்கள். 2010 ஜனவரியில் இரண்டாவது முறை சோதனையில் சிக்கினார். இந்த முறை சிபுட்ரமின் என்ற உடல் இளைக்கும் மருந்து. அதே மாதம்தான் ஐரோப்பிய மருந்து முகமையும் இதய ஆபத்தைக் காட்டி அதை விற்பனையிலிருந்து நிறுத்தப் பரிந்துரைத்தது. ஒன்பது மாதத் தடை. ஒருமுறை சுட்டுக்கொண்டவர் வாயில் போடும் ஒவ்வொரு மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டாமா? இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 2011இல் தேசிய அணி ஆடிக்கொண்டிருந்த இரவில் மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததற்காக அணியிலிருந்து விலக்கப்பட்டார், பிறகு மன்னிக்கப்பட்டார். 2013 நவம்பரில் பயிற்சியாளர் பிட்சூர்காவின் முகத்தை மிஸ்டர் பீன் படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார். தேசிய அணியின் கதவு அத்தோடு சாத்தப்பட்டது. முப்பத்து நான்கு வயதில் செய்கிற காரியமா அது?

அந்தப் படத்தின் விலை என்ன தெரியுமா? அதே ஆண்டு மார்ச்சில் ஹங்கேரிக்கு எதிரான பெனால்டியோடு அவருடைய தேசிய கோல் எண்ணிக்கை 35 ஆகியிருந்தது. கியோர்கே ஹாஜியின் சாதனைக்குச் சமம். ஹாஜிக்கு 124 ஆட்டம், முட்டுவுக்கு 77. ஹாஜி நடுக்களத்து ஆட்டக்காரர் என்பதால் இந்த ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக்கூடாது. இன்னொரு கோல் அடித்திருந்தால் அந்த நாட்டின் கால்பந்து வரலாற்றில் தனியாக முதலிடம். அது நடக்கவே இல்லை, அதற்குக் காரணம் செல்சி இல்லை, ஃபிஃபா இல்லை, முட்டுதான்.

2011-12இல் செசேனாவுக்கு ஆடும்போது இத்தாலிய முதல் பிரிவில் நூறாவது கோலைத் தாண்டினார். அந்தப் பிரிவில் மொத்தம் 103. பிறகு கோர்சிகாத் தீவின் அஜாக்சியோவில் ஒன்றரைப் பருவம், 11 லீக் கோல். பிறகு ருமேனியாவின் பெட்ரோலுல். 2015இல் நம்மூருக்கே வந்தார்: ஐஎஸ்எல்லில் புனே சிட்டியின் நட்சத்திர ஆட்டக்காரராக. புனே அணிக்கும் ஃபியோரென்டினாவுக்கும் முந்தைய ஆண்டிலிருந்தே கூட்டு இருந்தது. நான்கு கோல் அடித்தார். முப்பத்தாறு வயது, கால் கனத்துவிட்டது. ஃப்ரீ கிக் எடுக்க நிற்கும் நிற்பு மட்டும் மாறவில்லை. அந்த ஆண்டு கோப்பையை வென்றது நம் சென்னையின் எஃப்சி என்பதால் புனேயில் யார் ஆடினார் என்று பலர் கவனிக்கவே இல்லை. 2016இல் டர்கு முரேஷ் கிளப்போடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

பிறகு பயிற்சியாளர் ஆனார். 2021 யூரோவில் ருமேனியாவின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு அவர்தான் பொறுப்பு. நெதர்லாந்தோடும் ஜெர்மனியோடும் சமன், ஹங்கேரியை வென்றது. ஒரு ஆட்டமும் தோற்காமல், மூன்று அணிகள் 5 புள்ளியில் நிற்க, மூன்றாவதாக வெளியேறினார்கள். அந்தப் பையன்கள் யாரும் தங்கள் பயிற்சியாளரை உங்கள் பட்டியல் வழியாக அறிந்தவர்கள் அல்ல.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்னொரு கிளப் இன்னொரு ஆட்டக்காரரை 'ஒப்பந்த மீறல்' என்று சொல்லி நீக்கும் செய்தி என்றாவது உங்கள் மேசைக்கு வரும். அன்று அவர் எதை உட்கொண்டார் என்பதை எழுதுங்கள், தடை எத்தனை மாதம் என்பதையும் எழுதுங்கள். கூடவே அவரை எவ்வளவுக்கு வாங்கினார்கள், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பாக்கி, அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்